பள்ளிப் பதிவேடு, குளத்து வாசல், சினிமா டிக்கெட்: நியூ சவுத் வேல்ஸ் ஊர்களில் பூர்வகுடிப் பிள்ளைகளை விலக்கியது எப்படி?

முல்லைச்சரம்

இங்கே ஆஸ்திரேலியாவில் பத்தாம் வகுப்பு வரலாற்றில் 1965 ஃப்ரீடம் ரைடு வருகிறது, பூர்வகுடிகளை விலக்கியதை எதிர்த்து நடந்த பேருந்துப் பயணம். பாடக்குறிப்பைப் பார்த்தால் சிட்னி பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்தில் ஏறினார்கள், ஊர் ஊராகப் போனார்கள், மோரி என்ற ஊரின் நீச்சல் குளத்தில் கலாட்டா, பிறகு பேருந்து திரும்பியது. அவ்வளவுதான். அந்த ஊர்ப் பிள்ளைகள் பேருந்து வருவதற்கு முன்னாடியும் அங்கேதானே இருந்தார்கள், அது போன பிறகும் அங்கேதானே இருந்தார்கள்?

கேள்வி இதுதான். ஒரு வெள்ளைக்காரக் குழந்தையும் ஒரு கமிலராய்க் குழந்தையும் (கமிலராய் என்பது மோரி வட்டாரப் பூர்வகுடி மக்கள்) ஒரே ஊரில் வளர்ந்தால், எந்த வாசலில் எந்தக் காகிதத்தைக் காட்டிப் பிரித்தார்கள்? பள்ளி, குளம், சினிமா, வீடு என்று ஒவ்வொன்றிலும் விதி என்ன, அதை நடைமுறைப்படுத்தியது யார்? பிள்ளைகளை மூலச்சான்று வைத்து எழுதச் சொல்கிறார்கள். "அங்கே இனவெறி இருந்தது" என்று ஒரு வரி எழுதினால் மார்க் வராது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி

பள்ளியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எழுத்துச் சான்று அதிகம் கிடைப்பது அதற்குத்தான்.

1880 பொதுக்கல்விச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயம். சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது. மூன்றே வருடத்தில், 1883இல், யாஸ் என்ற ஊரில் வெள்ளைப் பெற்றோர் எதிர்ப்புக் கிளப்பினார்கள். பூர்வகுடிப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றார்கள். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் ஜார்ஜ் ரீட், பின்னாளில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஆனவர். எந்தப் பிள்ளையையும் விலக்கக் கூடாதுதான், ஆனால் பூர்வகுடிகள் விஷயத்தில் பள்ளி முழுவதற்கும் கேடு வருகிற நிலை ஏற்படலாம் என்று இழுத்தார். பிள்ளைகள் வெளியே போனார்கள்.

அதற்குப் பிறகு "சுத்தமாக, உடையோடு, பணிவோடு இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்" என்ற அளவுகோல் வந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சுத்தமா இல்லையா என்று தீர்மானிப்பது யார்? தலைமை ஆசிரியர். அவர் சம்பளமும் வீடும் பள்ளியின் வருகை எண்ணிக்கையைப் பொறுத்து இருக்கிற ஒரு சிறிய ஊரில், பத்து வெள்ளைக் குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்தினால் அவர் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

1902இல் அந்தத் திரையும் விலகிவிட்டது. வெள்ளைப் பெற்றோர் ஆட்சேபித்தால் பூர்வகுடிப் பிள்ளைகளை வெளியேற்றலாம் என்பதே துறையின் கொள்கை ஆனது. வரலாற்றாசிரியர்கள் இதைக் "கேட்டால் விலக்கு" முறை என்கிறார்கள். வேலை நடந்த விதம் இப்படி: ஊரில் யாரோ ஒருவர் மனு எழுதுவார். பெரும்பாலும் நோய், அழுக்கு, ஒழுக்கம் என்று காரணம் சொல்லியிருக்கும். அது துறைக்குப் போகும், பள்ளி ஆய்வாளரிடம் அறிக்கை கேட்பார்கள். பிள்ளைகள் சுத்தமாகத்தான் வருகிறார்கள், குறையொன்றும் இல்லை என்று ஆய்வாளரே எழுதினாலும் விலக்கு நிற்கும். குற்றச்சாட்டு உண்மையா என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை, ஆட்சேபணை இருக்கிறது என்பதே போதும். பூர்வகுடிப் பெற்றோருக்கு விசாரணையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. பதில் மனு எழுதினார்கள், நிறையவே எழுதினார்கள். அவை கோப்பில் அப்படியே கிடக்கின்றன.

வெளியே போன பிள்ளைக்கு என்ன வழி? பக்கத்தில் பூர்வகுடிக் குடியிருப்புப் பள்ளி இருந்தால் அங்கே போகலாம், இல்லையென்றால் வீடுதான். அந்தப் பள்ளிகளுக்கு 1916இல் தனிப் பாடத்திட்டம் போட்டார்கள். ஏறக்குறைய மூன்றாம் வகுப்பு அளவோடு ஏட்டுக்கல்வி நின்றுவிடும், மீதி கைவேலை. ஆசிரியர் பயிற்சி இல்லாதவர்தான் பாடம் நடத்தினார். பல இடங்களில் குடியிருப்பு மேலாளரே, அல்லது அவர் மனைவி. பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கல்வித்துறை போட ஆரம்பித்தது 1940க்குப் பிறகுதான்.

1940களில் இன்னொரு வாசல்படி வைத்தார்கள். பொதுப்பள்ளியில் சேர பூர்வகுடிப் பிள்ளைகள் மட்டும் மருத்துவச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். கடைசியாக, வீட்டு நிலைமையையோ ஊரின் எதிர்ப்பையோ காரணம் காட்டித் தலைமை ஆசிரியர் சேர்க்கையை மறுக்கலாம் என்ற பிரிவு ஆசிரியர் கையேட்டிலிருந்து நீங்கியது 1972இல். ஃப்ரீடம் ரைடு முடிந்து ஏழு வருடம் கழித்து. பிள்ளைகள் கட்டுரையில் இந்த ஆண்டைக் கட்டாயம் எழுதட்டும்.

மதுரைமணி

எல்லா ஊரிலும் இப்படியா? நல்ல தலைமை ஆசிரியர் இருந்தால் நடந்திருக்காதே. விதி "செய்யலாம்" என்றுதானே சொல்கிறது, "செய்தே ஆகணும்" என்று இல்லையே. தனிமனிதர்கள் தப்பு செய்ததை அரசாங்கத்தின் தலையில் கட்டுகிற மாதிரி தெரியுது.

ஏட்டுச்சுவடி

எல்லா ஊரிலும் இல்லை, எல்லா வருடமும் இல்லை. பூர்வகுடிப் பிள்ளைகள் பிரச்சினை இல்லாமல் படித்த பள்ளிகள் இருந்தன. ஆனால் நீங்கள் சொன்ன அந்த "செய்யலாம்" என்ற சொல்தான் இங்கே ஆட்டமே. கட்டாயத் தடையாக இருந்திருந்தால் ஒரே சட்டத்தை எதிர்த்துப் போராடியிருக்கலாம். இங்கே ஒரு பிள்ளை இரண்டு வருடம் படிக்கும், புதுக் குடும்பம் ஒன்று ஊருக்கு வரும், ஒரு மனு போகும், மறுவாரம் பெஞ்சு காலி. நான்கு வருடம் கழித்து ஆசிரியர் மாறினால் தம்பியைச் சேர்த்துக்கொள்வார்கள், அக்காவுக்கு வயது தாண்டியிருக்கும். தனிமனிதர் மனசு மாறலாம்தான், ஆனால் அவர் கையில் அந்தச் சாவியைக் கொடுத்தது துறை.

வன்னிக்காற்று

மோரி குளத்தைப் பற்றி நான் எழுதுறன்.

முதலில ஊர் எப்பிடி அமைஞ்சது எண்டு விளங்க வேணும். மோரி கமிலராய் நிலம். சுத்துவட்டார சமவெளியில 1830களில ஆட்டு மந்தையோட குடியேறிகள் இறங்கினவை. 1838 ஜூன் 10 அன்று பிங்கரா பக்கத்து மயால் கிரீக்கில 28 பூர்வகுடியினரைக் கொன்றவை, கூடுதலாப் பெண்களும் பிள்ளையளும் முதியவரும்தான். அந்தக் கொலைக்காக டிசம்பரில ஏழு வெள்ளையரைத் தூக்கில போட்டது, அந்தக் காலத்தில அப்பிடி நடக்கிறதே அபூர்வம். இந்த ஊர்களில வளர்ந்த ரெண்டு தரப்புப் பிள்ளையளின்ர பூட்டன்மாரும் இந்தக் கதைக்குள்ள இருந்தவைதான். 2000ஆம் ஆண்டு அங்க நினைவிடம் திறக்கேக்க கொன்றவையின்ர வழித்தோன்றலும் தப்பினவையின்ர வழித்தோன்றலும் சேர்ந்து நிண்டவை.

இனிக் குளம். 1895இல விவசாயத்துக்கெண்டு ஆழ்துளை தோண்டினவை, நிலத்துக்கடியில இருந்து சுடுதண்ணி வந்திட்டுது, கிட்டத்தட்ட 41 பாகை. அதைச் சுத்திக் குளிப்பிடம் கட்டி, பிறகு நீச்சல் குளமும் வந்தது. நகரசபைச் சொத்து. 1955இல நகரசபை ஒரு தீர்மானம் போட்டது: முழுப் பூர்வகுடியோ, அரைக் கலப்போ, பூர்வகுடி இரத்தக் கலப்பு இருக்கிறதாத் தோற்றமளிக்கிற ஆளோ நினைவு மண்டபத்துக்குள்ளயும் குளத்துக்குள்ளயும் வரக் கூடாது. இதுக்கு ஒரு விதிவிலக்கு இருந்தது. பாடசாலை நேரத்தில வகுப்போட வாற பூர்வகுடிப் பிள்ளையள் நீந்தலாம்.

அதை வடிவா யோசிச்சுப் பாருங்கோ. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், ஒரே தண்ணி. பாடசாலை நேரம் முடிஞ்சால் ஒருத்தர் துவாயை எடுத்துக்கொண்டு வெளிக்கிட வேணும், மற்றவர் இருந்து விளையாடலாம். சனி ஞாயிறு, விடுமுறை, 40 பாகை வெயில் அடிக்கிற ஜனவரி முழுக்க ஒரு பகுதிப் பிள்ளையளுக்கு ஆறுதான். அதே தண்ணியில பாடநேரத்தில அவையளை இறக்கினவை எண்டால், சுகாதாரம் எண்டு சொன்ன சாட்டு அந்த விதிவிலக்கிலயே உடைஞ்சு போகுது. மாணவர் கட்டுரைக்கு இதைவிடக் கூர்மையான சான்று கிடைக்காது.

வாசலில நிக்கிற காவலாளிக்குப் பத்திரம் ஒண்டும் தேவையில்லை, "தோற்றம்" போதும். அண்ணனும் தம்பியும் வந்தால் நிறம் வெளிறினவரை உள்ள விட்டுக் கறுத்தவரை மறிக்கலாம். தீர்மானத்தின்ர சொல்லே அதுக்கு இடம் குடுக்குது.

1965 பெப்ரவரியில சார்ல்ஸ் பெர்கின்ஸ் எண்ட பூர்வகுடி மாணவர் தலைமையில மற்ற மாணவர் வந்து, மிஷன் எண்டு சொல்லுற பூர்வகுடிக் குடியிருப்பில இருந்து பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனவை. முதல் தடவை உள்ள விட்டது. பேருந்து போன கையோட தடை திரும்ப வந்திட்டுது. 20ஆம் திகதி பேருந்து திரும்பி வந்தது. அண்டைக்கு வாசலில நூற்றுக்கணக்கில ஆக்கள், முட்டை, தக்காளி, அடிபிடி. தீர்மானத்தை நீக்க ஒத்துழைப்பன் எண்டு மேயர் சொன்ன பிறகுதான் பேருந்து வெளிக்கிட்டது.

சட்டப்பொறி

வன்னிக்காற்று சொன்ன "தோற்றமளிக்கிற" என்ற சொல்லை மோரி நகரசபை சொந்தமாக யோசித்து எழுதவில்லை. 1909 பூர்வகுடிப் பாதுகாப்புச் சட்டத்தில் பூர்வகுடி யார் என்று வரையறுக்கும் இடத்தில் அதே தொடர் இருக்கிறது. முழுப் பூர்வகுடி, அல்லது கலப்பு இருப்பதாகத் தோன்றி பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியத்திடம் ரேஷனோ உதவியோ பெறுகிறவர், அல்லது ஒதுக்கிடத்தில் (பூர்வகுடிகளுக்கென அரசு ஒதுக்கின நிலத்தில்) வாழ்கிறவர். உதவி கொடுக்க வேண்டியவர்களை அடையாளம் காண எழுதிய சொல்லை, 46 வருடம் கழித்து ஒரு நகரசபை விலக்க வேண்டியவர்களை அடையாளம் காண எடுத்துக்கொண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள், முல்லைச்சரம்.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழந்தைகளைப் பொறுத்தவரை மூன்று கட்டம்.

1909 சட்டப்படி பிள்ளை புறக்கணிக்கப்பட்டது என்று மாஜிஸ்திரேட் முன்னால் நிரூபித்தால்தான் பெற்றோரிடமிருந்து எடுக்கலாம். வாரியத்துக்கு இது தொந்தரவாக இருந்தது. 1915 திருத்தத்தில் 13A பிரிவு சேர்த்தார்கள். பிள்ளையின் ஒழுக்க நலனுக்கோ உடல் நலனுக்கோ நல்லது என்று வாரியம் கருதினால் போதும், நீதிமன்ற உத்தரவு இல்லாமலே காவலில் எடுக்கலாம். பெற்றோர் வேண்டுமானால் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதாவது நிரூபிக்கிற சுமை அப்படியே இடம் மாறிவிட்டது. நகரத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கையில் காசில்லாமல், போலீஸ்காரரே ரேஷன் கொடுக்கிறவராகவும் இருக்கிற இடத்தில் மேல்முறையீடு என்பது காகிதத்தில் மட்டும்தான்.

1940இல் பாதுகாப்பு வாரியம் நலவாரியம் ஆனது. 13A போனது, எல்லாம் 1939 குழந்தைநலச் சட்டத்தின் கீழ்ச் சிறுவர் நீதிமன்றத்துக்கு வந்தது. முன்னேற்றம்தான், ஆனால் அந்தச் சட்டத்தில் தகுந்த காரணம் இல்லாமல் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகாததும் புறக்கணிப்பின் ஓர் அடையாளம். ஏட்டுச்சுவடி மேலே சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு துறை பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காது, இன்னொரு துறை பள்ளிக்குப் போகவில்லை என்று குறித்துக்கொள்ளும். பெற்றோர் ஊர் ஊராகக் குடி மாற்றினதுக்கு இது ஒரு காரணம்.

எடுத்த பெண்பிள்ளைகள் கூட்டமண்ட்ரா இல்லத்துக்கு, வீட்டுவேலைப் பயிற்சி. ஆண்பிள்ளைகள் 1924 முதல் கெம்ப்சி அருகே கின்செலா இல்லத்துக்கு. அங்கே பெயரால் கூப்பிடவில்லை, எண்ணால். 1970 வரை அது நடந்தது.

மதுரைமணி

1967 பொதுவாக்கெடுப்புக்கு அப்புறம்தானே அவங்களுக்கு ஓட்டுரிமையே கிடைச்சது? அதுவரை விலங்கு, தாவரப் பட்டியலில் வைத்திருந்தாங்கன்னு படிச்சேன். அதைச் சேர்த்தால் கட்டுரைக்கு வலு.

சட்டப்பொறி

சேர்த்தால் மார்க் போகும், மணி சார். கூட்டரசுத் தேர்தலில் எல்லாப் பூர்வகுடியினருக்கும் வாக்குரிமை வந்தது 1962இல். 1967 மே 27 வாக்கெடுப்பு இரண்டு விஷயத்தை மாற்றியது. பூர்வகுடிகளுக்கெனச் சட்டமியற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் வந்தது, அரசமைப்பில் மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்றிருந்த 127ஆம் பிரிவு போனது. ஆதரவு 90.77 சதவீதம். விலங்கு, தாவரச் சட்டம் என்று ஒன்று இருந்ததே இல்லை. மக்கள் வலியைச் சொல்ல அந்தப் பேச்சு பிறந்தது, அதற்காக அதைச் சட்டம் என்று எழுத முடியாது. இருந்த சட்டங்களே போதுமான அளவு மோசம்.

இன்னொன்று. 1943 முதல் நியூ சவுத் வேல்ஸில் விதிவிலக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கினால் நீங்கள் சட்டத்தின் கண்ணில் பூர்வகுடி இல்லை: மதுக்கடைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எளிது. பதிலுக்கு ஒதுக்கிடத்தில் வசிக்க முடியாது, அங்கிருக்கும் உறவைப் பார்க்கப் போவதே சிக்கல். பூர்வகுடியினர் அதற்கு வைத்த பெயர் நாய் லைசென்ஸ். ஒரே குடும்பத்தில் சித்தப்பாவிடம் சான்றிதழ் இருக்கும், அப்பாவிடம் இருக்காது. பிள்ளைகள் யார் வீட்டில் இரவு தங்கலாம் என்பதைக்கூட அந்த அட்டை முடிவு பண்ணியது.

மன்ற நடத்துனர்

பழைய ஆவணங்களில் இருக்கும் இழிசொற்களை மேற்கோளுக்கு வெளியே பயன்படுத்த வேண்டாம். தவிர்க்க முடியாத இடத்தில் "அக்காலச் சட்டச்சொல்" என்று குறிப்பிடுங்கள். அங்கே உயிரோடிருக்கும் குடும்பங்களின் பெயர்களும் வேண்டாம்.

முல்லைச்சரம்

நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. சினிமா, கிளப் பற்றி யாராவது? அப்புறம் இன்னொரு சந்தேகம். அரசாங்கம் 1937க்குப் பிறகு "தன்மயமாக்கல்" கொள்கை என்று பேசியது. எல்லாரும் வெள்ளையர் மாதிரி வாழணும் என்றால் பள்ளியிலும் குளத்திலும் சேர்த்துத்தானே ஆகணும்? இடிக்கிறதே.

ஏட்டுச்சுவடி

இடிக்கத்தான் செய்தது. அந்த இடி விழுந்தது பிள்ளைகள் தலையில்.

1937 ஏப்ரலில் கான்பெராவில் மாநிலங்கள் கூடி, முழுப் பூர்வகுடி அல்லாதவர்களைப் பொதுச்சமூகத்தில் கரைப்பதே இலக்கு என்று முடிவெடுத்தன. மேலே இருப்பவர்களுக்கு அது கொள்கை. கீழே, நலவாரியம் ஒரு குடும்பத்தை ஒதுக்கிடத்திலிருந்து ஊருக்குள் வீடு கொடுத்துக் கொண்டுவந்தால், அக்கம்பக்கத்தார் மனு போடுவார்கள். குடியிருப்பு மேலாளர் வீட்டைச் சோதனை போட்டு, பாத்திரம் கழுவியிருக்கிறதா, படுக்கை விரித்திருக்கிறதா என்று பார்த்து, தகுதி இருக்கிறது என்பார். நகரசபை தகுதி இல்லை என்று வாசலை மூடும். தாய் வீட்டை வெள்ளைக்காரர் வீட்டைவிடச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், பிள்ளையின் காலுறை வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். தேர்வு முடிவதே இல்லை, தேர்வாளர் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்.

சினிமாவுக்கு "பவ்ராவில்" என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பைங்கீர் பூர்வகுடி மக்களின் நிலம், கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே. அரங்கில் பூர்வகுடிகளுக்குப் பக்கவாட்டு வாசல், திரைக்கு ஒட்டின முன்வரிசைகள், இடையில் தடுப்பு. சட்டம் எதுவும் கிடையாது. தனியார் முதலாளி டிக்கெட் விற்கிற முறைதான் விதி. அதனால்தான் இதற்கு ஆவணம் தேடினால் கிடைக்காது, வாய்மொழிப் பதிவும் கட்டட அமைப்பும்தான் சான்று. ஃப்ரீடம் ரைடு மாணவர்கள் போனபோது டிக்கெட் கொடுப்பதற்குப் பதிலாக அரங்கையே மூடிவிட்டார்கள்.

வால்கெட் என்ற ஊரில் போர்வீரர் கிளப். போரில் சண்டை போட்ட பூர்வகுடி வீரர்களுக்கும் உறுப்பினர் இடம் இல்லை, அன்சாக் நாளில் (போர்வீரர் நினைவுநாளில்) மட்டும் விதிவிலக்கு. அப்பா ராணுவப் பதக்கத்தோடு கிளப் வாசலில் நிற்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குச் சட்டப்புத்தகம் வேண்டியதில்லை. வால்கெட்டை விட்டுக் கிளம்பின இரவு மாணவர்களின் பேருந்தை ஒரு லாரி இடித்துச் சாலையை விட்டுத் தள்ளியது. நாடு முழுக்கச் செய்தியானது அதற்குப் பிறகுதான்.

முல்லைச்சரம்

மூலச்சான்று எங்கே தேடுவது? இலவசமாக, வீட்டிலிருந்தே?

ஏட்டுச்சுவடி

தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம். அதில் ஒரு குழி இருக்கிறது: ஊர்ப்பத்திரிகைகளில் பெரும்பாலானவை 1954ஆம் ஆண்டோடு நின்றுவிடும், பதிப்புரிமை காரணமாக. மோரி தீர்மானம் 1955. மாணவர்கள் ஊர்ப்பத்திரிகையைத் தேடி, ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். 1965க்கு கான்பெரா டைம்ஸ் பாருங்கள், அது 1995 வரை இருக்கிறது. கம்யூனிஸ்ட் கட்சியின் டிரிப்யூன் இதழும் இருக்கிறது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியை எப்படிச் சொல்கின்றன என்று ஒப்பிட்டால் சார்புநிலைக் கேள்விக்கு விடை தயார்.

இப்போதைய சொல்லைப் போட்டுத் தேடினால் வராது. அக்காலத்துச் சொல்லைப் போட வேண்டும், அது அசிங்கமாகத்தான் இருக்கும். ஊர்ப் பெயர், "பள்ளி", "பெற்றோர் ஆட்சேபணை" போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் அன்று எழுதின தொடர்களைச் சேர்த்து, தேதியைப் பத்து வருடத்துக்குள் சுருக்குங்கள். எழுத்துணரி மென்பொருள் பழைய அச்சைத் தப்பாகப் படித்திருக்கும். ஒரு சொல்லில் கிடைக்கவில்லை என்றால் அதே கட்டுரையில் வரக்கூடிய வேறு சொல்லைப் போடுங்கள், மனுவில் வரும் "சுகாதாரம்" மாதிரி.

ஃப்ரீடம் ரைடுக்குத் தனியாக ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஆய்வு நிறுவனம் இணையத்தில் தொகுப்பு வைத்திருக்கிறது. பேருந்தில் போன ஆன் கர்தாய்ஸின் நாட்குறிப்பும் அதில் உண்டு. அன்றன்று எழுதினது என்பதால், பின்னாளைய நினைவுக்குறிப்போடு வைத்துப் பார்க்கலாம்.

மாநில ஆவணக் காப்பகத்தில் பள்ளிக் கோப்புகள் பள்ளிப் பெயர் வாரியாக இருக்கின்றன. மனு, ஆய்வாளர் அறிக்கை, விளிம்பில் அதிகாரி பென்சிலால் எழுதின ஒரு வரி, எல்லாம் ஒரே கட்டில். முதலில் விளிம்பைப் படியுங்கள். முடிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், கடிதத்தில் அது மரியாதையாகத் திரும்பி வரும். வாரியத்தின் கோப்புகள் வேறு கதை. 1916 முதல் 1928 வரை வாரியம் எடுத்த பிள்ளைகளின் பதிவேட்டில் சுமார் 800 பேர் இருக்கிறார்கள். அவற்றைப் பார்க்க அனுமதி வேண்டும், குடும்பத்தாருக்கே முன்னுரிமை. பள்ளிக் கட்டுரைக்கு அதைக் கேட்காதீர்கள். அவை இன்னும் யாரோ ஒருவர் தன் பாட்டியைத் தேடிக்கொண்டிருக்கிற தாள்கள்.

வன்னிக்காற்று

வகுப்பில இதைப் படிப்பிக்கிறவைக்குச் சில விசயம். வீட்டில பிள்ளையோட கதைக்கிறவைக்கும் பொருந்தும்.

நடிச்சுக் காட்ட விடாதேங்கோ. "இண்டைக்கு நீலச்சட்டைக்காரர் உள்ள வரக் கூடாது" எண்டு விளையாட்டாச் செய்யிறது கனபேருக்குப் பிடிக்கும். பிள்ளையள் அரை மணித்தியாலத்தில சிரிச்சுப் போட்டு மறந்திடுவினம், வகுப்பில பூர்வகுடிப் பிள்ளை ஒண்டு இருந்தால் அதுக்கு அது விளையாட்டு இல்லை. அந்தப் பிள்ளையைப் பாத்து "உங்கட ஆக்களைப் பற்றிச் சொல்லு" எண்டும் கேக்காதேங்கோ. பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஒரு இனத்தின்ர பேச்சாளர் இல்லை.

அதுக்குப் பதிலா வரைபடம். மோரியை எடுத்து மெஹி ஆறு, மிஷன் இருந்த இடம், பாடசாலை, குளம், நினைவு மண்டபம் குறியுங்கோ. ஒரு பத்து வயசுப் பிள்ளை காலமை எழும்பி இரவு படுக்கிற வரைக்கும் நடக்கிற வழியைக் கோடாப் போடுங்கோ. ரெண்டு நிறப் பென்சில், ரெண்டு பிள்ளை. பாடசாலை முடியுமட்டும் ரெண்டு கோடும் ஒண்டாப் போகும், அதுக்குப் பிறகு பிரியும். பிரியிற ஒவ்வொரு இடத்திலயும் ஒரு கேள்வி: இங்க மறிக்கிறது சட்டமோ, நகரசபைத் தீர்மானமோ, கடைக்காரரோ, வழக்கமோ? நாலுக்கும் நாலு விதமாத்தான் எதிர்க்கலாம். குளத்தைத் தீர்மானத்தால திறக்கலாம், சினிமாவைத் திறக்கேலாது.

இறந்தவையின்ர படம், குரல் வாற காணொளிக்கு முன்னம் எச்சரிக்கை சொல்லுங்கோ, அது பூர்வகுடிக் குடும்பங்களுக்கு முக்கியம். நிலத்துக்கு மரியாதை சொல்லுறதை ஆரும் செய்யலாம், வரவேற்புச் சொல்லுறதை அந்த நிலத்துக்காரர்தான் செய்யலாம். பள்ளி விழாக்களில எங்கட சங்கங்கள் ரெண்டையும் மாறிக் குழப்புறது வழமை. உள்ளூர் ஆளைக் கூப்பிட வேணுமெண்டால் மாநிலப் பூர்வகுடிக் கல்வி ஆலோசனைக் குழுவின்ர உள்ளூர்க் கிளையைக் கேளுங்கோ, காசு குடுங்கோ, ஒரு கிழமைக்கு முன்னம் கேட்காமல் ஒரு தவணைக்கு முன்னம் கேளுங்கோ.

மதுரைமணி

சரி, ஒத்துக்கிறேன், விதி இருந்திருக்கு. ஆனா 1972க்கு அப்புறம் முடிஞ்சுபோன கதைதானே? அதுக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதே பாடமா?

சட்டப்பொறி

விதி போனது, ஊர் அமைப்பு போகவில்லை. மோரிக்கு வடக்கே, குவீன்ஸ்லாந்து எல்லையை ஒட்டி டூமலா என்று ஒரு பூர்வகுடிக் குடியிருப்பு, சுமார் 500 பேர். 1987 ஜனவரியில் எல்லை தாண்டி குண்டிவிண்டியில் கலவரம். அதற்குப் பிறகு மனித உரிமை ஆணையம் மார்கஸ் ஐன்ஃபெல்ட் தலைமையில் விசாரித்து, 1988இல் அறிக்கை வெளியிட்டது. அங்கே குழாயில் தண்ணீர் வந்தது ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 15 நிமிடம். குழந்தைகளைக் குளிப்பாட்ட, துணி துவைக்க, சமைக்க, கழிப்பறைக்கு, எல்லாத்துக்கும் அதற்குள் பிடித்து வைக்க வேண்டும். சாக்கடை ஒழுங்காக ஓடவில்லை, மழை வந்தால் சாலை துண்டிக்கும். நகரசபையும் மாநிலமும் கூட்டரசும் "இது எங்கள் பொறுப்பு இல்லை" என்று ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பிள்ளை மறுநாள் காலையில் பொகபில்லா பள்ளிக்குப் போனால் அங்கே அளவுகோல் பழையபடி சுத்தம்தான், கையேட்டில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

முல்லைச்சரம்

வெள்ளைக்காரப் பிள்ளைகள் பக்கம் எதைச் சான்றாக எடுப்பது? கட்டுரைத் தலைப்பு "இரு தரப்பு இளமை" என்று இருக்கு. அவர்களை வில்லனாகக் காட்டினால் எளிது, ஆனால் சரியாக இருக்காது என்று படுகிறது.

ஏட்டுச்சுவடி

பெற்றோர் மனுக்களையே எடுங்கள். அதில் கையெழுத்துப் போடாதவர்கள் யார் என்று பாருங்கள். ஊர் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டால் எத்தனை வீடு ஒதுங்கியிருந்தது என்று தெரியும். சில கோப்புகளில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஆதரவாக வெள்ளையரே எழுதின கடிதம் உண்டு. பிறகு மோரி குளத்துக் கூட்டத்தின் புகைப்படங்களைப் பாருங்கள். முகம் சிவந்து கத்துகிற பெரியவர்கள் மட்டும் இல்லை, சும்மா வேடிக்கை பார்க்கிற இளவட்டங்களும் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளி நேரத்தில் அதே குளத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளோடு நீந்தின வயசுக்காரர்கள். படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் கை எங்கே இருக்கிறது என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். மனசுக்குள் என்ன இருந்தது என்று ஊகிக்க வேண்டாம், தேர்வாளர்கள் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

வன்னிக்காற்று

கடைசியா ஒண்டு, முல்லைச்சரம். "உன் குடும்பத்துக்கும் இந்த நிலத்துக்கும் என்ன தொடர்பு" எண்டு ஒரு கேள்வி வகுப்பில குடுக்கிற பயிற்சித்தாளில வாறது வழமை. தமிழ்ப் பிள்ளையள் "நாங்கள் ரெண்டு பக்கமும் இல்லை" எண்டு எழுதிப்போட்டு விடுவினம். அதுக்கு மார்க் குறைவு. எந்த ஆண்டு வந்தது, எந்த விசா, இப்ப இருக்கிற வீடு எந்தப் பூர்வகுடி மக்களின்ர நிலம், எண்டு எழுதட்டும். சிட்னி மேற்கெண்டால் தருக் நிலம். ஆய்வு நிறுவனத்தின்ர மொழி வரைபடத்தில பார்க்கலாம், ஆனால் அதில எல்லைக்கோடு திட்டமான கோடில்லை எண்டு அடியிலயே போட்டிருக்கும், அதையும் எழுதச் சொல்லுங்கோ.